ஓய்வுபெற்ற லுத்தரன் போதகர் வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கணவரின் அப்பா லுத்தரன் போதகர். நாகர்கோவிலில் இறையியல் படித்துவிட்டு வந்து, மலையகத் தோட்டங்களிலும் பிறகு கொழும்பிலும் ஊழியம் செய்து ஓய்வுபெற்றவர். இப்போது மாமாவும் மாமியும் வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கிறார்கள். வீட்டுப் போனை எடுப்பதும் வாசலுக்கு வருபவர்களிடம் பேசுவதும் பெரும்பாலும் நான்தான். அயலவர், பழைய சபையார், என் அலுவலகத் தோழிகள், ஆட்டோக்காரர் என்று கேட்பவர்கள் பலவிதம். கேட்பது என்னவோ இவற்றைத்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களை மாமாவிடம் வாசித்துக் காட்டி, அவர் திருத்தச் சொன்ன இடங்களைத் திருத்தியிருக்கிறேன். இரண்டு இடத்தில் அவர் வெட்டச் சொன்னதை மாமி வெட்ட வேண்டாம் என்றார். மாமி சொன்னபடி விட்டிருக்கிறேன்.

லுத்தரன் என்டா என்ன? கத்தோலிக்கமா, வேறயா?

வேறு. மார்ட்டின் லுத்தர் 1483இல் ஜேர்மனியில் பிறந்தவர். துறவி, விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதம் கற்பித்த பேராசிரியர். பாவத் தண்டனையைக் குறைக்கும் சீட்டுகள் காசுக்கு விற்கப்பட்டதை எதிர்த்து 1517 ஒக்டோபர் 31 அன்று 95 கருத்துகளை வெளியிட்டார். 1521இல் ரோம் அவரைச் சபைக்குப் புறம்பாக்கியது. மனிதன் தன் நற்செயல்களால் அல்ல, கடவுளின் கிருபையால், விசுவாசத்தின் வழியாகவே நீதிமானாகிறான் என்பதுதான் அவர் பிடித்த பிடி. அந்த வழியில் வந்த சபைகள் லுத்தரன் சபைகள்.

குழப்பம் வருவது நியாயம்தான். உள்ளே வந்து பார்த்தால் வெள்ளை அங்கி, பலிபீடம், மெழுகுதிரி, குழந்தை ஞானஸ்நானம் எல்லாம் இருக்கும். நான் மெதடிஸ்த வீட்டில் பிறந்தவள். முதன்முதல் அவர்களுடைய ஆராதனைக்குப் போனபோது எனக்கே அது பூசை மாதிரித்தான் இருந்தது.

மார்ட்டின் லூதர் கிங் தொடங்கின சபைதானே?

இல்லை. அவர் அமெரிக்கர், பாப்டிஸ்ட் போதகர், 1929இல் பிறந்தவர். அவருடைய அப்பாவும் பாப்டிஸ்ட் போதகர். அப்பா 1934இல் ஜேர்மனிக்குப் போய் வந்த பிறகு, ஜேர்மன் சீர்திருத்தவாதியின் பெயரைத் தனக்கும் மகனுக்கும் வைத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் இடையில் நான்கு நூற்றாண்டு இருக்கிறது. இந்தக் கேள்வியை மாமா ரசிப்பார், நேரிலேயே கேளுங்கள்.

டச்சுக்காரர் கட்டின வுல்பெண்டால் கோயில் உங்கட சபையா?

அதுவும் இல்லை. 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறக்கப்பட்ட அந்தக் கோயில் டச்சு சீர்திருத்தச் சபையுடையது. சீர்திருத்தச் சபைகள் கல்வின் என்ற இன்னொரு சீர்திருத்தவாதியின் வழி வந்தவை. லுத்தரன் சபையோடு பல விஷயத்தில் ஒத்துப்போனாலும் இராப்போஜனத்தை, அதாவது அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்தைப் பற்றிய போதனையில் பிரிந்தவை. கொழும்பில் பழைய புரட்டஸ்தாந்துக் கோயில் என்றால் ஒல்லாந்தர் அல்லது ஆங்கிலேயர் கைதான் அதிகம்.

தமிழ் லுத்தரன் கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. டென்மார்க் அரசன் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிக் புளுட்சாவும் 1706 ஜூலை 9 அன்று அங்கே கரையிறங்கினார்கள். சீகன்பால்கு தமிழ் கற்று, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தார். 1733இல் ஆரோன் என்ற தமிழர் போதகராக அபிஷேகம் பெற்றார். அதற்குப் பிறகு வந்த வேறொரு கிளை, அமெரிக்காவின் மிசூரி சபை அனுப்பிய மிஷன். அது 1890களில் கிருஷ்ணகிரிப் பக்கம் தொடங்கி நாகர்கோவில் வரை பரவியது. இலங்கையில் லுத்தரன்கள் பெரும்பாலும் மலையகத் தமிழர். தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மாமாவின் தாத்தாவும் அப்படி வந்தவர்தான்.

எங்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு: 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் 6.2 சதவீதம், மற்றக் கிறிஸ்தவர் எல்லோரும் சேர்ந்து 1.4 சதவீதம். அந்த 1.4க்குள் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே எல்லாரும் அடக்கம். மிச்சத்தில் ஒரு மூலையில் நாங்கள்.

அவர் கல்யாணம் முடிச்சவரா? போதகர் முடிக்கலாமா?

முடிக்கலாம். எனக்குக் கணவர் கிடைத்ததே அதனால்தான். லுத்தரே 1525 ஜூன் 13 அன்று கத்தரினா ஃபொன் போரா என்ற முன்னாள் கன்னியாஸ்திரீயைக் கல்யாணம் செய்தார். அவர்களுக்கு ஆறு பிள்ளைகள். துறவிகள் இருந்த பழைய மடமே அவர்களுக்கு வீடானது. கத்தரினா அதில் மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டுக் காசு வாங்கினார், தோட்டம் போட்டார், மாடு வளர்த்தார், பியர் காய்ச்சினார். கணவரின் வரும்படியை நம்பி மட்டும் அந்த வீடு ஓடவில்லை.

எல்லாரும் கட்டாயம் முடிக்க வேண்டும் என்றும் இல்லை. தஞ்சாவூரில் பேர்பெற்ற சுவார்ட்ஸ் ஐயர் கடைசிவரை தனி ஆள். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், 1760இல் இலங்கைக்கும் வந்து போயிருக்கிறார், 1798இல் தஞ்சாவூரிலேயே இறந்தார். லுத்தரன் சபையைப் பொறுத்தவரை இரண்டு நிலையும் ஒன்றுதான். தனியாக இருப்பவர் கூடுதல் பரிசுத்தர் என்று கணக்கில்லை.

ஃபாதர் என்டு கூப்பிடலாமா?

கூப்பிடுங்கள், திரும்பிப் பார்ப்பார். தோட்டத்துச் சனம் ‘ஐயா’ என்கிறார்கள், கொழும்புச் சபையார் ‘பாஸ்டர்’ என்கிறார்கள், மேல்மாடிச் சிங்களக் குடும்பத்துப் பிள்ளைகள் ‘பாஸ்டர் அங்கிள்’. பத்திரிகைக்கோ அழைப்பிதழுக்கோ எழுதினால் பெயருக்கு முன்னால் ‘வண.’ (வணக்கத்துக்குரிய) போதும். ‘முன்னாள் போதகர்’ என்று மட்டும் போட வேண்டாம். ஏன் என்று அடுத்த பதிலில் இருக்கிறது.

ஓய்வெடுத்த பிறகும் அவர் போதகர்தானா?

இதில்தான் கூடுதல் குழப்பம், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். கத்தோலிக்கத்தில் குருப்பட்டம் ஒரு திருவருட்சாதனம், ஞானஸ்நானம் போன்ற ஒரு புனிதச் சடங்கு. அது ஆன்மாவில் அழியாத முத்திரை இடுகிறது என்பது அவர்கள் போதனை. லுத்தரன் சபை அப்படிச் சொல்வதில்லை. 1530இல் ஆக்ஸ்பர்க்கில் வாசிக்கப்பட்ட விசுவாச அறிக்கையின் 14ஆம் பிரிவு ஒரு வரி அளவுதான்: முறையாக அழைக்கப்படாத எவரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கவோ திருவருட்சாதனங்களைக் கொடுக்கவோ கூடாது. ஆக எல்லாம் அழைப்பில் இருக்கிறது. ஒரு சபை அவரை அழைத்தது, அவர் போனார், காலம் முடிந்து அந்தப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்காக அவர் பெற்ற அபிஷேகம் கழுவிப் போகவில்லை. அவருக்கு மறுபடி கைவைத்து அபிஷேகம் பண்ணத் தேவையில்லை. சபை கேட்டால் பிரசங்கிக்கலாம், திருவிருந்து நடத்தலாம். ஆனால் எந்தச் சபையின் சாவியும் அவரிடம் இல்லை. கேட்கப்படாமல் போக மாட்டார். சிலர் அவரை இன்னும் பதவியில் இருப்பவராக நினைத்து ராத்திரி பதினொரு மணிக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்கிறார்கள். வேறு சிலர் ஓய்வுபெற்ற கிளார்க்கரைப் போல ‘இனி என்ன, ஜாலிதானே’ என்கிறார்கள். இரண்டும் சரியில்லை.

அப்ப எங்கட பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுப்பாரா? கல்யாணம் நடத்துவாரா?

உங்கள் சபையின் இப்போதைய போதகர் அழைத்தால் வருவார். நீங்கள் நேரே மாமாவைக் கேட்டால் அவர் முதலில் கேட்கிற கேள்வி, ‘உங்கட பாஸ்டரிட்ட சொன்னீங்களா?’ என்பதுதான். ஞானஸ்நானம் சபைப் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேடு இருப்பது அங்கே. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கும் பிள்ளை என்றால் கதை வேறு. அப்போது போதகருக்காகக் காத்திருக்கவே வேண்டாம். தண்ணீர் ஊற்றி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரால் எந்தக் கிறிஸ்தவரும் கொடுக்கலாம், தாதியும் கொடுக்கலாம்.

கல்யாணத்துக்குச் சட்டமும் இருக்கிறது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, போதகர் நடத்தும் கல்யாணம் அதற்காகப் பதிவுசெய்யப்பட்ட வணக்கத்தலத்தில் நடக்க வேண்டும். அதற்கு முன் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்து அவருடைய சான்றிதழை வாங்கியிருக்க வேண்டும். கடற்கரை ஹோட்டலில் பந்தல் போட்டு மாமாவை நிற்கவைத்து எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நினைத்து வருபவர்கள் உண்டு. அங்கே அவர் ஜெபம் பண்ணலாம், வசனம் சொல்லலாம். பதிவுக்குப் பதிவாளரைப் பாருங்கள்.

சபை அவருக்கு வீடு குடுக்கலையா? ஏன் உங்களோட இருக்கிறார்?

குடுத்தது, ஊழியத்தில் இருந்த காலம் முழுக்க. மிஷன் வீடு என்பது அதுதான். வாடகை இல்லை, முற்றம் இருக்கும், சபைக் கிணறு இருக்கும். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அது பெரிய வசதி. ஓய்வுபெறும் நாளில்தான் அதன் மறுபக்கம் தெரியும்: அடுத்த போதகர் குடும்பத்தோடு வருவார், வீட்டை விட வேண்டும். வேறு வேலையில் இருந்தவர்கள் அதே வருடங்களில் கடன் வாங்கியாவது ஒரு துண்டுக் காணி வாங்கி வீட்டுக்கு அடிக்கல் வைத்திருப்பார்கள். போதகர் குடும்பத்துக்கு அந்தத் தேவை கண்ணில் படுவதே இல்லை, தலைக்கு மேல் கூரை இருக்கிறதே. மிஷன் வீட்டுக் கட்டில், மேசை, அலுமாரி எல்லாம் சபைச் சொத்து, பட்டியல் போட்டு ஒப்படைக்க வேண்டும். மாமாவும் மாமியும் வெளியே வந்தபோது சொந்தமாக இருந்தவை புத்தகப் பெட்டிகள், மாமியின் தையல் மெஷின், ஒரு இரும்பு அலுமாரி, சட்டி பானை.

ஓய்வூதியம் பற்றியும் இதோடு சொல்லிவிடுகிறேன். அரசாங்க ஓய்வூதியம் அரச ஊழியருக்கு. போதகருக்குச் சபை என்ன நிதி வைத்திருக்கிறதோ அதுதான். சின்னச் சபையின் நிதி சின்னதாகத்தான் இருக்கும். மாமி அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. மாமா மாறிப் போன இடமெல்லாம் இடமாற்றம் கேட்டு அலைந்து, சில வருடம் கிடைக்காமல் பிள்ளைகளோடு தனியாக இருந்து, கடைசியில் ஓய்வூதியத்தோடு வெளியே வந்தவர். 2022இல் மருந்து விலை எகிறியபோது மாமாவின் பிரஷர் குளிசைக்கும் சீனி வருத்தக் குளிசைக்கும் காசு வந்தது அந்த ஓய்வூதியத்தில் இருந்துதான். கத்தரினாவைப் பற்றி மேலே எழுதியதை வாசித்துக் காட்டியபோது, மாமி ‘நான் பியர் மட்டும்தான் காய்ச்சேல்ல’ என்றார். மாமா வெட்டச் சொன்ன இடங்களில் ஒன்று இது.

இளம் போதகர்கள் யாராவது இதை வாசித்தால்: சம்பளம் தொடங்கும் நாளிலேயே வீட்டுக்கென்று தனியாக ஒரு கணக்கு வையுங்கள். இதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அவருக்குச் சொந்த வீடு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஊழியக்காரர் ஊரைக் கவனிச்சுட்டுப் பெத்த பிள்ளைகளை விட்டுடுவாங்களாமே. இவர் எப்படி?

என் கணவரிடமும் அவருடைய அக்காவிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேரும் முதலில் சொன்னது குறைதான். கிறிஸ்மஸ் காலையில் அப்பா வீட்டில் இருந்ததே இல்லை. ஒரு தோட்டத்தில் ஆராதனை முடித்து அடுத்த தோட்டத்துக்குப் போவார். கொழுந்து மிகுந்த மாதங்களில் ஞாயிறும் மலையில் வேலை இருக்கும், அப்போது ஆராதனை பின்னேரத்துக்குத் தள்ளிப்போகும், மாமா வீடு வந்து சேர இருட்டிவிடும். பிள்ளைகளின் கிறிஸ்மஸ் சாப்பாடு 26ஆம் திகதிதான். ‘பாஸ்டர்ட பிள்ளை’ என்ற பட்டம் வேறு. மற்றப் பிள்ளைகள் மாங்காய் பறித்தால் மாங்காய், இவர்கள் பறித்தால் சபைக் கூட்டத்தில் பேச்சு.

அப்புறம்தான் மற்றதைச் சொன்னார்கள். திங்கட்கிழமை மாமா ஊழியத்துக்குப் போக மாட்டார், சாவு வீடு தவிர. அன்றைக்குப் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் அவர்தான். லயத்துப் பிள்ளைகளோடு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட விடாதே என்று யாரோ சொன்னதற்கு அவருக்கு வந்த கோபத்தை அக்கா இன்னும் நடித்துக் காட்டுவார். ராத்திரி குடும்ப ஜெபம், அதில் லுத்தரின் 1529ஆம் ஆண்டுச் சிறிய ஞானோபதேசத்தில் இருந்து ஒரு பகுதி. அந்த ஞானோபதேசம் வீட்டுத் தலைவர் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகவே எழுதப்பட்டது. பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, திருவிருந்து என்று போகும். ராத்திரி ஜெபம் முடிந்ததும் சந்தோஷமாக உடனே தூங்கு என்று அதில் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதி அதுதானாம், அதற்குப் பிறகு யாரும் படி என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, மாமா பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பார். நான் வளர்ந்த வீட்டில் எந்த ஆம்பிளையும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

இப்ப முழு நாளும் என்ன செய்றார்? போரடிக்காதா?

காலையில் மெரின் டிரைவ் பக்கம் நடை. வந்து வேதம், பிறகு பத்திரிகை, பிறகு என் மகளின் கணக்குக் கொப்பி. பழைய ஞானப்பாட்டுப் புத்தகத்தை வைத்து மெதுவாகப் பாடுவார். ஜேர்மன் மெட்டில் அமைந்த அந்தப் பாட்டுகளில் பலவற்றை 18ஆம் நூற்றாண்டில் தமிழாக்கியவர் ஃபப்ரீசியஸ் என்ற லுத்தரன் மிஷனரி. கீழ்வீட்டு ஆச்சிக்கு அந்த மெட்டுகள் பழகிவிட்டன, நிறுத்தினால் ஏன் என்று கேட்கிறார்.

கனடாவில் இருக்கும் பேரனுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுவார். கையால் எழுதி, என் போனில் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்வார். லுத்தர் 1530இல் கோபுர்க் கோட்டையில் இருந்தபோது, நாலு வயது மகன் ஹான்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு அழகான தோட்டம், அங்கே பிள்ளைகள் பொன் சட்டை போட்டு அப்பிளும் பேரிக்காயும் பொறுக்குகிறார்கள், சின்னக் குதிரைகள் நிற்கின்றன, ஜெபம் பண்ணிப் படிக்கிற பிள்ளைகளுக்கு அங்கே இடமுண்டு என்று. அப்போது ஆக்ஸ்பர்க்கில் சபையின் தலைவிதியே பேசப்பட்டுக்கொண்டிருந்தது, மேலே சொன்ன விசுவாச அறிக்கை அங்கேதான். மாமாவின் கடிதங்களில் குதிரைக்குப் பதிலாக வெள்ளவத்தை ஸ்டேஷனும் கரையோர ரெயிலும் வரும்.

பையோட மீன் வாங்க நிக்கிறதைப் பார்த்தம். பாவமா இருந்தது. பெரிய மனுசனை இப்படி வேலை வாங்கலாமா?

இதை என்னிடம் மெல்லிய குரலில் கேட்பவர்கள் என்னைத்தான் குற்றம் சொல்கிறார்கள் என்று தெரியும். யாரும் அனுப்பவில்லை, அவரே போகிறார். பாரை வாங்குவதில் மாமியைவிட அவருக்குக் கெட்டித்தனம்.

ஆனால் இதற்கு லுத்தரன் பதில் ஒன்று உண்டு, மாமாவே சொன்னது. 1522இல் கல்யாண வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது லுத்தர் குழந்தையின் அழுக்குத்துணி துவைக்கும் அப்பனைப் பற்றிச் சொல்கிறார்: ஊர் அவனைப் பார்த்துச் சிரிக்கலாம், அவன் அதை விசுவாசத்தோடு செய்தால் கடவுள் தம் தூதர்களோடு மகிழ்ந்து சிரிக்கிறார். துறவியும் குருவும் மட்டுமே கடவுளின் அழைப்பைப் பெற்றவர்கள் என்றிருந்த காலத்தில் சொன்ன பேச்சு அது. அப்பன், தாய், சப்பாத்து தைப்பவன், வேலைக்காரி எல்லாருக்கும் அவரவர் இடத்தில் அழைப்பு உண்டு. அந்தக் கணக்கில் மாமா பீடத்தில் இருந்து இறங்கிச் சந்தைக்கு வந்துவிட்டார் என்பது இல்லை. சபையின் அழைப்பு முடிந்தது. கணவன், அப்பா, தாத்தா என்ற அழைப்புகளுக்கு ஓய்வு வயது இல்லை. இத்தனை வருடம் மாமி செய்த வேலையில் அவர் இப்போது பாதி எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

நாங்க சைவம். ஆஸ்பத்திரியில அப்பாவுக்கு வந்து ஜெபிப்பாரா? மதம் மாத்தப் பார்ப்பாரா?

வருவார். நோயாளி விரும்புகிறாரா என்று மட்டும் அவரிடமே கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் விருப்பம் போதாது. இயேசுவின் பெயரால்தான் ஜெபிப்பார், அதை மறைத்து நைசாகச் செய்யத் தெரியாது. சின்ன ஜெபம், பிறகு கட்டில் பக்கத்தில் இருந்து கதை. தலையணைக்குக் கீழ் துண்டுப் பிரசுரம் வைத்துவிட்டு வரும் பழக்கம் அவருக்கு இல்லை. படுத்திருப்பவரிடம் வாதம் செய்யக் கூடாது என்பார். புதுவீட்டுக்குக் கூப்பிடுபவர்களுக்கு: வருவார், ராகுகாலம் பார்த்து நேரம் குறிக்கச் சொல்லி அவரைக் கேட்காதீர்கள்.

எத்தனையோ பேர் அவரிட்ட மனசுல இருந்ததைச் சொல்லியிருப்பினம். உங்களுக்கும் தெரியுமோ?

தெரியாது. மாமிக்கும் தெரியாது. லுத்தரன் சபையில் போதகரிடம் தனியாகப் பாவ அறிக்கை செய்யும் வழி இருக்கிறது, மேலே சொன்ன ஞானோபதேசத்திலேயே அதற்கு ஒரு பகுதி உண்டு. அங்கே கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்பது அபிஷேகத்தின்போது கொடுத்த வாக்கு. பதவி முடிந்ததால் வாக்கு முடிவதில்லை.

இது குடும்பத்துக்கு லேசான விஷயம் இல்லை. சில பேர் வீட்டுக்கு வந்தால் மாமா திடீரென்று அமைதியாகிவிடுவார், எங்களுக்குக் காரணம் தெரியாது. ஒருவரை எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டாம் என்றார், ஏன் என்று சொல்லவில்லை. கூப்பிடாததற்கு நாங்கள் ஏச்சு வாங்கினோம். ஐம்பது வருடம் கூடவே இருந்த மனைவிக்கும் திறக்காத ஒரு அறை அந்த மனுசனுக்குள் இருக்கிறது. மாமி அதோடு சமாதானமாகிவிட்டார். நான் இன்னும் இல்லை.

கிறிஸ்மஸுக்கு உங்கட ஆராதனைக்கு வந்தா எங்களுக்கும் இராப்போஜனம் தருவினமோ?

ஆராதனைக்கு யாரும் வரலாம். இராப்போஜனம் கொஞ்சம் நுட்பமான விஷயம். அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் உண்மையாகவே கொடுக்கப்படுகின்றன என்பது லுத்தரன் போதனை. அதே அறிக்கையைச் செய்து திடப்படுத்தல் (முழு உறுப்பினராக ஏற்கும் சடங்கு) பெற்றவர்களோடுதான் பந்தியில் பங்கு என்பது மிசூரி வழி வந்த சபைகளின் வழக்கம். ஆகவே ஆராதனைக்கு முன்பே அந்தச் சபையின் போதகரிடம் பேசுங்கள். வரிசையில் வந்து நின்று சங்கடப்படுவதைவிட அது நல்லது. நானும் கல்யாணம் முடித்த புதிதில், மாமனார் திருவிருந்து கொடுக்கும் வரிசையில் போகாமல் இருக்கையில் இருந்தவள்தான். பிறகு ஞானோபதேசம் படித்துச் சேர்ந்தேன். எனக்கு அவர் சலுகை காட்டாதது அன்றைக்குக் கோபமாக இருந்தது.

கடவுளுக்கு இவ்வளவு ஊழியம் செய்தவருக்கு ஏன் இந்தக் கை நடுக்கம்?

மாமாவுக்கு இப்போது வலது கை நடுங்குகிறது, திருவிருந்துப் பாத்திரத்தைத் தனியாகப் பிடிக்க முடியாது. இந்தக் கேள்வியை அன்பால் கேட்பவர்களும் உண்டு, ‘எங்கேயோ ஒளிச்ச பாவம் இருக்கும்’ என்ற மாதிரிக் கேட்பவர்களும் உண்டு. இரண்டாமவருக்கு: ஊழியம் செய்தால் உடம்பு சுகம் என்று வேதம் எங்கும் ஒப்பந்தம் போடவில்லை. லுத்தருக்குச் சிறுநீரகக் கல், காதில் ஓயாத இரைச்சல், மனச்சோர்வு. 1537இல் கல் அடைத்துச் சாவின் விளிம்புக்குப் போனார். 1528இல் கைக்குழந்தை எலிசபெத் இறந்தாள், 1542இல் 13 வயது மக்தலேனா அவர் கைகளிலேயே இறந்தாள். பாவக் கணக்கு இப்படித்தான் வேலை செய்யும் என்றால் லுத்தர் தொடங்கி யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

முதலாமவருக்கு மாமாவின் பதில், ‘ஏன் என்டு எனக்குத் தெரியாது, நரம்பு டொக்டரும் சொல்றார் இல்ல.’ அதற்கு மேல் விளக்கம் சேர்க்க வேண்டாம் என்றார்.

அவர் கடைசியா ஊழியம் செய்த சபைக்கு ஏன் போறதில்ல? கோபமா?

கோபம் இல்லை. போகக் கூடாது என்று அவராகவே முடிவெடுத்தார். பழைய போதகர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் புதியவர் பிரசங்கிக்கும்போது பாதிச் சபை இவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆராதனை முடிந்ததும் புதியவரைச் சுற்றி நிற்க வேண்டியவர்கள் இவரைச் சுற்றி நிற்பார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு சபைக்குப் போய்ப் பின்வரிசையில் மாமியோடு உட்காருவார். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து ஆராதனை கேட்பது இப்போதுதான். முன்பெல்லாம் மாமிக்குப் பிரசங்கம் பிடிக்காவிட்டால் வீட்டுக்கு வந்துதான் சொல்ல முடியும். இப்போது அங்கேயே முழங்கையால் இடிக்கிறார்.

அங்கி மட்டும் இன்னும் இரும்பு அலுமாரியில் பூச்சி உருண்டையோடு தொங்குகிறது. பழைய சபையாரின் அடக்க ஆராதனைக்கு இப்போதைய போதகர் அழைத்தால், அதைப் போட்டுக்கொண்டு பொரளை கனத்தை மயானத்துக்குப் போவார். ‘கடைசி நேரத்தில ஐயா வரோணும்’ என்று இறந்தவரே சொல்லிவைத்திருந்தாலும், குடும்பம் முதலில் கூப்பிட வேண்டியது இப்போதைய போதகரைத்தான்.

இப்ப இருக்கிற பாஸ்டரோட எங்களுக்கு ஒத்துவரேல்ல. ஐயா ஒரு வார்த்தை சொன்னாச் சரியாயிடும். பேசிக் குடுப்பீங்களா?

மாட்டேன். மாமாவும் மாட்டார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம் என்று ஆகிவிடும். அழைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று மேலே சொன்னதன் அர்த்தம் இதுதான். அந்த இளம் போதகர் தன் தவறுகளைத் தானே செய்து கற்க வேண்டும், மாமாவும் அப்படித்தான் கற்றார். வழக்கும் விசாரணையும் வேண்டிய அளவுக்குப் பெரிய விஷயம், காசு கையாடலோ ஒரு பிள்ளைக்கு நடந்த தீங்கோ என்றால், சபைத் தலைமைக்கு எழுத்தில் கொடுங்கள். பிள்ளைக்கு நடந்தது என்றால் முதலில் பொலிசுக்குப் போங்கள். ஓய்வுபெற்ற போதகரின் மருமகளைக் கூப்பிட்டு நேரத்தைக் கடத்தாதீர்கள்.

மற்றபடி பிரசங்கம் நீளம், பாட்டு புதுசு, விசிட்டுக்கு வரவில்லை என்ற வகை என்றால், போனில் நான் கேட்டுக்கொண்டு உங்கள் பாஸ்டரின் நம்பரைத் திரும்பத் தருவேன். ஐயாவைப் பார்க்க வேண்டும் என்றால் பின்னேரம் நாலரைக்குப் பிறகு வாருங்கள், தேனீர் நேரம். சீனி போட்ட சாமான் மட்டும் கொண்டு வர வேண்டாம், டொக்டர் தடை போட்டிருக்கிறார்.